அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்

விருந்துக்கு வந்த பெரிய சார் கண்ணாடி டம்ளரை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். அந்த நொடியிலேயே, ஏழு வருஷமாக அந்த வீட்டில் பாத்திரம் கழுவிய அக்காவுக்கு வேலை போய்விட்டது.

டம்ளர் முழுக்க வெள்ளை வெள்ளையாகத் திட்டு. சார் கடுமையாக ஒன்றும் பேசவில்லை. வேலைக்கு வருகிறவர்களைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவ்வளவுதான்.

அவர் நகரக் குடிநீர் அலுவலகத்தின் தலைவர். வீட்டுக்காரம்மா அதே அலுவலகத்தில் புகார்ப் பிரிவைப் பார்க்கும் மேடம். பதவி உயர்வுப் பட்டியல் சாரின் கையெழுத்துக்குக் காத்திருந்த சமயம். டம்ளரில் திட்டு இருக்கலாமா?

சாரின் மனைவி சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்பி வந்தார்.

மறுநாள் காலையில் மேடம் அக்காவை நிற்க வைத்துக் கேட்டார்.

"தண்ணிதாம்மா இப்படி இருக்கு. எத்தனை தடவை தேய்ச்சாலும் காஞ்சதும் வெள்ளையா படிஞ்சிடுது" என்றார் அக்கா.

மேடத்துக்குச் சுருக்கென்றது. ஊர்த் தண்ணீரில் குறை என்று அவர் வீட்டுக்குள்ளேயே நின்று ஒருவர் சொல்வதா?

மாதத்துக்கு இருநூறு புகார் வரும். எல்லாவற்றுக்கும் மேடம் தன் கையால் எழுதிவைத்த ஒரே பதில்தான் போகும்: 'குடிநீரின் கடினத்தன்மை அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளது. பாத்திரங்களை முறையாகக் கழுவிப் பயன்படுத்தவும்.' தலைமுடி கொட்டுகிறது என்று எழுதியவருக்கும் பாத்திரம் கழுவச் சொல்லித்தான் பதில் போனது.

ஆகவே தண்ணீரில் குறை இருக்க முடியாது. மிச்சம் இருந்தது அக்காவின் கைதான்.

மேடத்தின் கணவர் பக்கத்து அறையிலிருந்து தயங்கித் தயங்கி வந்தார். ஹீட்டரில் இந்த வருஷமே இரண்டு காயில் எரிந்து போய்விட்டது, ஷவரில் நான்கு ஓட்டையில்தான் தண்ணீர் வருகிறது, கெட்டிலுக்குள் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கிறது, அதையெல்லாம் அக்காவா செய்தார் என்று கேட்டார்.

"நீங்க யார் பக்கம்?" என்றார் மேடம்.

கணவர் பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அக்கா கெஞ்சவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, வர்றேம்மா என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதிதாக வந்த பெண் பத்து நாள் தாங்கினாள். வெள்ளைத் திட்டைப் பற்றி மேடம் மூன்றாவது முறை பேசியபோது, நீங்களே கழுவிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வேலைக்கு வராமல் நின்றுகொண்டாள். அடுத்த இரண்டு வாரம் கணவர் கழுவினார். திட்டு அப்படியே இருந்தது. இத்தனை படித்த மனிதருக்கு ஒரு டம்ளர் கழுவத் தெரியவில்லையே என்று மேடம் தலையில் அடித்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடமே இறங்கினார். சோப்பு நுரைக்கவில்லை. சோப்பை மாற்றினார், ஸ்பஞ்சை மாற்றினார், ஒரே டம்ளரை மூன்று தடவை கழுவிக் கவிழ்த்தார். காய்ந்ததும் எடுத்துப் பார்த்தார். அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் நன்றாகவே படிந்திருந்தது.

கணவர் எட்டிப் பார்த்தார். புத்திசாலி, உடனே தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அன்று மாலை மேடம் அக்காவின் வீட்டுக்குக் கிளம்பினார். மன்னிப்புக் கேட்க அல்ல, கொடுக்க. நடந்தது நடந்துவிட்டது, நாளையிலிருந்து வா, நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று சொல்லலாம் என்பது அவர் எண்ணம். வழியில் இரண்டு தடவை மனசுக்குள் சொல்லியும் பார்த்துக்கொண்டார்.

அக்கா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மேடம் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நேரம் இல்லையேம்மா. உங்க பெரிய சார் வீட்டுல சேர்ந்துட்டேன்."

அந்த டம்ளரைத் தூக்கிப் பார்த்த மனிதரா வேலை கொடுத்தார் என்று மேடம் கேட்டார்.

"அவர் இல்லம்மா, அவங்க வீட்டம்மா. அன்னிக்கு சாப்பிட்ட தட்டோட சமையலறைக்கு வந்தாங்க இல்ல? 'நாளைக்கு உனக்கு இங்க வேலை இருக்காது, உன் மேல தப்பு இல்லன்னு எனக்குத் தெரியும், என் வீட்டுக்கு வா'ன்னு நம்பர் எழுதிக் கொடுத்துட்டுப் போனாங்க."

மேடம் எழுந்துவிட்டார். வாசல்வரை போனவருக்கு ஒன்றைக் கேட்காமல் போக முடியவில்லை.

"அங்க டம்ளர் எப்படி இருக்கு?"

"கண்ணாடியே இல்லாத மாதிரி இருக்கும்மா. பைப்புல வர்ற தண்ணியை அந்த வீட்டுல கையாலகூடத் தொட மாட்டாங்க. உப்பை எடுக்க மாடியில ஆள் உயரத்துக்கு ஒரு மெஷின் வெச்சு நாலு வருஷமாச்சாம்" என்ற அக்கா, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா வெளிய யாராவது கேட்டா, என் கைராசின்னு சொல்லச் சொல்லியிருக்காரு சார்."