சிவப்பு டிரம்மில் ஒரு முயல்

"சிவப்பு டிரம்முக்குள்ள முயல் எப்படி வந்துச்சு?"

பாதுகாப்பு அதிகாரி இடுக்கியால் ஒரு துணியைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். முயல் படம் போட்ட பழைய பிளானல் துணி.

பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுக்கும் ஆலை அது. ஈயத் தூசி விஷம். அது பட்டதெல்லாம் சிவப்பு டிரம்முக்கு, மற்றக் குப்பை பச்சை டிரம்முக்கு. மாற்றிப் போட்டவன் தொலைந்தான்.

வாசலருகே தரையில் அவரே நின்று ஒரு மஞ்சள் கோடு போடச் சொல்லியிருந்தார். வேலை பார்த்த பூட்ஸும் உடுப்பும் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. குளித்து, உடுப்பு மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போகவேண்டும். நாள் முழுக்கக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து அவர் காவல் காப்பார். ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் மஞ்சக்கோடு. அது காதுக்கு எட்டியபோது அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

"டிரம் அதுக்குள்ள நிரம்பிடுது. வீட்டுக் கந்தலைக் கொண்டுவந்து கொட்டுறது யாரு? இது என்ன பழந்துணிக் கடையா?"

கழிவுக் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா மெதுவாகச் சொன்னாள்: "தூசி பட்ட துணியா இருக்கும் சார்."

"முயல் மேல எப்படித் தூசி படும்? உலைக்கு வேலைக்கு வந்த முயலா இது?"

சிரிக்கலாமா கூடாதா என்று ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாராயிருந்தாலும் சரி, பிடிபட்டா ஒரு வாரம் வீட்டுல உக்கார வேண்டியதுதான். என் சொந்தக்காரனா இருந்தாலும்!"

கடைசியில் சொன்னது சும்மா ஓர் எடுப்புக்கு. உலைப் பகுதி மேஸ்திரி குனிந்து பூட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். அவர்தான் அதிகாரியின் ஒரே மாப்பிள்ளை.

அந்த மாப்பிள்ளைமேல் மாமனாருக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. மகள் குடும்பம் இருப்பது அவர் வீட்டு மாடியில்தான். சாயங்காலம் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் பேத்தி தாத்தாவிடம் ஓடிவருவாள். அவர் அவளை அப்படியே அள்ளி, ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்தி, தெருமுனை வரை ஒரு சுற்று போய் வருவார். மாப்பிள்ளையோ ஆலையில் குளித்துவிட்டு பஸ்ஸில் வந்தவர், வீட்டிலும் ஒரு முறை குளிப்பார். குழந்தை கை நீட்டினால் பின்னால் நகர்ந்து, "இருடா செல்லம், அப்பா குளிச்சுட்டு வந்துடறேன்" என்பார்.

"பெத்த பிள்ளையைத் தூக்க இத்தனை யோசனையா? பாசம் தண்ணி ஊத்தினாத்தான் வருமோ?" என்று மனைவியிடம் முணுமுணுப்பார் அதிகாரி.

"உங்களுக்கு யாரையாவது குறை சொல்லணும்" என்பாள் அவள்.

முயல் பிடிக்கிற நாயை மூஞ்சியைப் பார்த்தாலே தெரியும் என்பார்கள். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவர் அந்த மூஞ்சியோடுதான், முழங்கால் கெஞ்சக் கெஞ்ச, காலி டிரம்களுக்குப் பின்னால் குந்தியிருந்தார்.

காலடிச் சத்தம். சிவப்பு டிரம்மின் மூடி திறந்தது.

"பிடிச்சேன்!"

பாய்ந்துதான் எழுந்தார். முழங்கால் பாதியில் நின்றுவிட்டது. வளைந்த வாக்கிலேயே நிமிர்ந்து பார்த்தார். எதிரே, கையில் ஈரத் துணியோடு மாப்பிள்ளை.

சத்தம் கேட்டு அக்கா வந்தாள். பின்னாலேயே சாப்பாட்டுக் கையோடு நாலைந்து ஆட்கள்.

"நீங்களா மாப்பிள்ளே? சொந்தக்காரனா இருந்தாலும்னு நேத்துதானே சொன்னேன்?"

"சொன்னீங்க சார்."

"வீட்டுக் கந்தலை இங்க கொண்டுவந்து..."

"துணி வீட்டுதுதான். தூசி இங்கத்தது சார்."

"எதைத் துடைச்சீங்க? முயல் துணியால உலையைத் துடைக்கிற ஆளை இப்பத்தான் பாக்கறேன்!"

மாப்பிள்ளை துணியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லிடுங்க தம்பி. இல்லேன்னா நான் சொல்லிடுவேன்" என்றாள் அக்கா.

மாப்பிள்ளை துணியைப் பிரித்துக் காட்டினார். முயலின் பாதி உடம்பு சாம்பல் நிறமாகியிருந்தது. பேத்தி சின்னதில் படுத்துக் கிடந்த முயல். அதுவும் அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

"உங்க ஸ்கூட்டரை மாமா." ஆலைக்குள் அவர் மாமா என்று கூப்பிட்டதே கிடையாது. "நீங்க ஷூ வைக்கிற இடம். பாப்பா வந்து நிக்கிற இடம். தினம் துடைச்சுடறேன். ஷூவைத்தான் என்னால ஒண்ணும் செய்ய முடியல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"சொன்னேனே. 'நான் என்ன ஈயமா உருக்கறேன், சும்மா சுத்திப் பாக்கறவன்'னுட்டீங்க."

சொன்னது நன்றாக ஞாபகம் இருந்தது. நல்ல பதிலடி என்று அன்றைக்குத் தன்னையே மெச்சிக்கொண்டதும் ஞாபகம் இருந்தது. குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். கறுப்பு ஷூதான் வாங்கியிருந்தார். இப்போது அதுவும் முயல் நிறத்தில் இருந்தது.

"அப்ப அந்த ஒரு வாரம் யாருக்கு சார்?" என்றாள் அக்கா.

இந்தத் தடவை ஆட்கள் யோசிக்காமல் சிரித்தார்கள்.

சாயங்காலம் அவர் ஷூவைக் கழற்றி, தன் இடுக்கியாலேயே எடுத்து, சிவப்பு டிரம்மில் போட்டு மூடினார். ஆட்களோடு வரிசையில் நின்று, மாப்பிள்ளையின் சோப்பை வாங்கிக் குளித்தார். ஸ்கூட்டரை ஆலையிலேயே விட்டுவிட்டு, அக்கா தேடிக் கொடுத்த ரப்பர் செருப்போடு, மாப்பிள்ளை பக்கத்தில் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தார்.

வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்காவிட்டாலும் பேத்தி எப்படியோ கண்டுபிடித்து, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு தாத்தாவிடம் ஓடிவந்தாள்.

அவர் சட்டென்று பின்னால் நகர்ந்தார்.

"இருடா செல்லம், தாத்தா குளிச்சுட்டு வந்துடறேன்."

உள்ளேயிருந்து மனைவியின் குரல் கேட்டது: "ஏங்க, பாசம் தண்ணி ஊத்தினாத்தான் வருமோ?"