மூன்று நாள் தண்ணீர்

தொட்டிக்கு அடியில் விரித்திருந்த செய்தித்தாளின் நுனியைக் கிள்ளிப் பார்த்தேன். மொறமொறவென்று இருந்தது.

இன்று மூன்றாம் நாள். விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, கூடத்தில் நட்டநடுவில் வைத்திருக்கிறேன். வீட்டில் எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

யாரோ பயன்படுத்திய சின்ன மீன் தொட்டி. பத்து வருடமாக ஒரு சொட்டு ஒழுகியதில்லை என்று விற்றவர் அடித்துச் சொன்னார். விற்கிறவர் வேறு என்ன சொல்வார்?

நான் தையல்காரி. பிறர் போட்ட தையலை இழுத்துப் பார்க்காமல் நம்பியதில்லை.

தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே, கண்ணாடிகள் சேரும் இடமெல்லாம் சிலிக்கான் பசையை நகத்தால் நெம்பினேன். உரியவில்லை. டார்ச் அடித்தேன். உள்ளே குமிழி இல்லை. பழைய பசை மேல் புதுப்பசை பூசி மறைத்திருக்கிறார்களா என்று நான்கு மூலையையும் தடவினேன்.

“கல்யாணத்துக்கு முன்னாடி என்னை இப்படி உத்துப் பாத்திருந்தா, நீ தப்பிச்சிருப்ப” என்றார் கணவர்.

அவருக்கு விளையாட்டு. எனக்கு மூன்று நாளாக ராத்திரியிலும் எழுந்து எழுந்து காகிதத்தைத் தொட்டுப் பார்க்கிற வேலை.

மாடி வீட்டு டீச்சரின் பழைய தொட்டி போன மாதம் மூலையில் பசை விட்டுப்போய் ஒழுகியது. அன்றிலிருந்து அவருடைய மூன்று மீன்களும் வாளியில் கிடக்கின்றன. நாளைக்கு யாருக்கோ கொடுத்துவிடப் போகிறாராம். தனியாக இருக்கும் மனுஷி. வீட்டில் அவர் பேசுவதே அந்த மீன்களோடுதான்.

கொடுக்க விடமாட்டேன். ஆனால் இதுவும் ஒழுகினால், அவர் இனி மீன் பக்கமே திரும்ப மாட்டார்.

கடைசியாக ஒரு முறை, அடி மூலைகளில் காகிதத்தை ஒற்றி எடுத்தேன். நான்கும் காய்ந்தே வந்தன. போதும்.

தண்ணீரை இறைத்துவிட்டு, நானும் கணவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு படியேறினோம்.

கதவைத் திறந்த டீச்சர் தொட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போனது.

“வேண்டாம்மா. மறுபடி ஒழுகினா?”

அவர் பயந்தது என்னைப் பார்த்துத்தான். போன மாதம் இதே வாசலில் நின்று, கட்டிடத்துக்கே கேட்கும்படி அவரைத் திட்டித் தீர்த்தவள் நான்.

வெட்கமாக இருந்தது. நேராக உள்ளே போய், பழைய தொட்டி இருந்த இடத்திலேயே இதை வைத்தோம்.

அதற்கு நேர் கீழேதான், எங்கள் வீட்டில், என் கட்டில் இருக்கிறது.