மறுகா வாறன்

மட்டக்களப்புக் காத்தான்குடியில் கணினி திருத்தும் நிஸ்தாருக்குக் கள்ள சைட்டுகளை அவற்றின் தமிழே காட்டிக்கொடுத்துவிடும். கைறுன்னிஸா கொண்டுவந்த லேப்டொப், "வைரஸ் கண்டறியப்பட்டுள்ளீர்கள், உடனே மென்பொருளை நிறுவுக" என்று அலறிக்கொண்டிருந்தது.

"வைரஸ் நீங்கதானாம் ராத்தா! ஏமாத்து இது. ஒண்டையும் அமத்திராதீங்க," என்று சிரித்தபடி அந்த எச்சரிக்கையை மூடினான். மூடும்போது ஒரு வரி வந்தது: "மறுகா வாறன்."

நிஸ்தாரின் சிரிப்பு நின்றது. 'பிறகு' என்பதை 'மறுகா' என்று மட்டக்களப்பார்தான் சொல்வார்கள். எங்கேயோ இருக்கிற கள்ளனுக்கு இது எப்படித் தெரியும்? வயரைப் பிடுங்கினான். பேட்டரியைக் கழற்றினான்.

மூலையில் வயரே இல்லாமல் கிடந்த பழைய மொனிட்டர் ஒளிர்ந்து, ஒரு வரியைக் காட்டியது.

"வந்திட்டன் தம்பி. வாப்பா சொகமா?"

அந்நிய ஆம்பிளை உள்ளே வந்ததுபோல், கைறுன்னிஸா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.