படலையடிக் கட்டளை

புத்தூர் விவசாயிகள் எண்ணூறு பேரின் பட்டியலைக் கணினியில் ஒரு வரிக் கட்டளையால் அழித்துவிட்டேன். உண்மையில் அழிக்காமல் தடுக்கும் "ஒத்திகை மட்டும்" என்ற சொல்லை முன்னால் அடிக்காமல், கோப்பின் பெயருக்குப் பின்னால் அடித்ததுதான் பிழை. நாங்கள் முக்கியமான விசயத்தைப் புறப்படும் நேரம், வாசல் படலையடியில் செருப்பு மாட்டும்போதுதானே சொல்வோம்? எங்கள் அலுவலகத்து றியாஸ் 'ரஸ்ட்' என்ற கணினி மொழியில் எழுதிய நிரலோ கோப்பின் பெயரைக் கேட்டதோடு காதைப் பொத்திக்கொண்டது.

பக்கத்து மேசையில் றியாஸ் கொப்பியில் ஏதோ குறித்தான். நான் பிழைவிடும்போதெல்லாம் குறிப்பான்.

"என்னடா, எனக்குக் குழி வெட்டுறியோ?"

"சும்மா இருங்கோ அண்ணை. வடை சாப்பிடுறியளோ?"

முதலாளி குணலட்சுமியும் ஏசவில்லை. தேத்தண்ணி வாங்கித் தந்தார். அதோடு என் சந்தேகம் முற்றிவிட்டது. வேலையை விட்டுக் கலைக்கப் போகிறவனைத்தான் இப்படி உபசரிப்பார்கள். வீட்டில் எனக்கு இரண்டு பிள்ளைகள்.

"அக்கா, நேராச் சொல்லுங்கோ. என்னை வேலையாலை நிப்பாட்டப் போறியளோ?"

"விசரே உமக்கு? நீர் வந்த நாளிலையிருந்து உமக்குத் தந்த கோப்பெல்லாம் நகல்தான். சனம் எப்பிடியெல்லாம் பிழையா அடிக்குமெண்டு உம்மைப் பாத்துத்தான் றியாஸ் நிரலைத் திருத்துறான். நீர் சரியா அடிக்கத் தொடங்கினால்தான் நிப்பாட்டுவன்."