மேல் லயத்து எழவு

பிற்பகல் மழைக்கு நடுவே தேயிலைத் தோட்டத்து மேல் லயத்திலிருந்து சாவுத் தப்பு அடிக்கிற சத்தம் கேட்டதும், ஆற்றோரத்து வரிசை வீடுகளான கீழ் லயத்தில் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். போனது சின்னராசா என்று சேதி வந்தது. காலையில் நனைந்துகொண்டே வந்து வீடு வீடாகக் கதவைத் தட்டியவர், மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாராம்.

காலையில் அவர் வந்தது ஆற்றைப் பற்றிச் சொல்லத்தான். தண்ணீரின் நிறமே சரியில்லை, மேலே வந்து தங்குங்கள் என்று கெஞ்சினார். கிராம சேவகரும் போனில் அதையேதான் சொல்லியிருந்தார். ஒருவரும் அசையவில்லை. போன வருஷம் இப்படித்தான் பயந்துபோய் ஸ்கூலில் தங்கிவிட்டுத் திரும்பியபோது, ஆறு இருந்த இடத்திலேயே இருந்தது. வீட்டிலிருந்த காஸ் சிலிண்டர்களைத்தான் காணவில்லை.

ஆனால் எழவு என்றால் கதை வேறு. இந்தத் தோட்டத்தில் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிடலாம். சாவுக்குப் போகாவிட்டால் நாளைக்கு நம் வீட்டில் தூக்க ஆள் வராது. பிள்ளைகள் வரை எல்லோரும் வந்து முகம் பார்க்க வேண்டும் என்று சின்னராசாவின் மனைவி பூரணி சொல்லியனுப்பியிருந்தாள். தலையில் உரப்பையைக் கவிழ்த்துக்கொண்டு, குஞ்சு குளுவான்களோடு லயமே மேடேறியது.

இராமையா மட்டும் வரவில்லை. ஒரு காலத்தில் அவரும் சின்னராசாவும் ஒருவர் இல்லாமல் ஒருவர் டீ குடிக்காதவர்கள். ஒருவர் தொழிற்சங்கம் மாறினார், மற்றவர் ஏன் என்று முகத்துக்கு நேரே கேட்டார், பேச்சு நின்றுபோனது. "அவன் செத்தாக்கூட போக மாட்டேன்" என்று கோயிலடியில் வைத்துச் சொன்ன மனிதர் இராமையா. மனைவி ஜீவராணி எவ்வளவோ கெஞ்சிவிட்டுப் பிள்ளைகளோடு கிளம்ப, அவர் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

மேலே கரண்ட் இல்லை. இருட்டு அறையில் சின்னராசா வெள்ளைத் துணிக்குள் கிடந்தார். தலைமாட்டில் விளக்குகூட இல்லையே என்று கீழ் லயத்துக் காளியாயி தீப்பெட்டியை எடுத்தாள். பூரணி அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"விளக்கு மட்டும் வேணாங்க்கா."

துக்கத்தில் இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். பூரணி ஒப்பாரி வைக்கவில்லை, யாரையும் கட்டிக்கொண்டு அழவும் இல்லை. தாலியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு, "மாரியாயி, மன்னிச்சிரு தாயி" என்று திரும்பத் திரும்பச் சொன்னபடி, உள்ளே வரும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இராமையா அண்ணன் எங்க?"

ஜீவராணி தலை குனிந்துகொண்டாள். "வரலைங்க. கும்புட்டுக் கேட்டேன், அசையல."

பூரணி வாசலை எட்டிப் பார்த்தாள். ஆற்றின் இரைச்சல் இப்போது தப்புச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. வாசலில் தப்படித்த சிவசாமிகூட எழவு வீட்டைப் பார்க்காமல் ஆற்றையே பார்த்து அடித்துக்கொண்டிருந்தார்.

பூரணி மகள் சுதர்ஷினியைப் பார்த்தாள். பெண் எழுந்து மழைக்குள் ஓடினாள். பிள்ளையை இந்தத் தண்ணீரில் எங்கே அனுப்புகிறாய் என்று எல்லோரும் சத்தம் போட்டார்கள். தாய் கண்ணை மூடிக்கொண்டாள். சின்ன வயதில் இதே ஆற்றில் விழுந்தவள் சுதர்ஷினி. உயிரைப் பற்றி யோசிக்காமல் குதித்துத் தூக்கிக்கொண்டு வந்தவர் இராமையா. பேச்சு நின்றதே தவிர, அந்த வீட்டில் அந்த நன்றி ஒரு நாளும் நின்றதில்லை.

கீழே இராமையாவின் வாசற்படி தண்ணீருக்குள் போயிருந்தது. சுதர்ஷினி முழங்கால் தண்ணீரில் நின்று கூப்பிட்டாள்.

"மாமா, நீங்க வராம அப்பாவத் தூக்க மாட்டோம்."

"போயிரு புள்ள. தண்ணி ஏறுது."

"நீங்க வந்தாத்தான் போவேன்."

அவள் நகரவில்லை. தண்ணீர் அவள் தொடையைத் தொட்டது. ஒரு தடவை ஆற்றிடமிருந்து பிடுங்கி வந்த பிள்ளையைத் திரும்ப அதனிடமே விட்டுக்கொடுக்க எந்த மனிதனால் முடியும்? இராமையா அப்பனையும் மகளையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே வெளியே இறங்கினார். அவள் கையை இறுகப் பிடித்து இழுத்துக்கொண்டு மேடேறினார்.

இருவரும் மேல் லயத்து வாசலை மிதித்தபோது, பின்னால் பெரிய சத்தம் கேட்டது. அறையிலிருந்தவர்கள் வெளியே ஓடி வந்தார்கள். கீழ் லயம் இருந்த இடத்தில் கூரைத் தகரங்கள் சுழன்றுகொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் அவையும் இல்லை, வெறும் செந்தண்ணீர்தான்.

யாருக்கும் அழுகைகூட வரவில்லை. அவரவர் பிள்ளைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். காளியாயிதான் முதலில் உடைந்தாள். "தன் உசுரக் குடுத்து நம்மள மேல கூப்புட்டுக்கிட்டாரே, மகராசன்" என்றாள். எல்லோரும் அந்த இருட்டு அறைக்குள் திரும்பி வந்து கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

இராமையா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ச் சின்னராசாவின் கால்களைக் கட்டிக்கொண்டார். அத்தனை வருஷ வைராக்கியமும் அழுகையாகக் கொட்டியது.

"பேசாமலே போயிட்டியேடா. ஒரே ஒரு வார்த்த எங்கூடப் பேசுடா."

வெள்ளைத் துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"பேசுறேன்டா. கீழ வேற யாரும் இல்லையே?"