தேதி கேட்ட கம்ப்யூட்டர்

“இந்தக் கிழமையும் பூஜ்யமோ?”

பூபாலசிங்கம் கேட்ட வேகத்தில் கிளார்க் கௌரி கம்ப்யூட்டரை விட்டு எழுந்தே விட்டாள். திரையில் அப்படித்தான் இருந்தது. காப்பியான ஃபைல்கள்: பூஜ்யம்.

மலேசியாவில், கேமரன் மலையிலிருந்து காய்கறி இறக்கும் லாரிக் கம்பெனி அது. தலைமை ஆபீஸ் ஈப்போவில், கிளை தாப்பாவில். எந்த லாரியில் எத்தனை கூடை கோஸ், எந்த ஊர்ச் சந்தைக்கு என்பதையெல்லாம் தாப்பாவில் நவமணி வாரம் முழுக்க அடிப்பாள். சனிக்கிழமை அதை ஃபிளாப்பித் தட்டில் ஏற்றி, பஸ் பிடித்து ஈப்போவுக்குக் கொண்டு வருவாள்.

இன்றும் நவமணி வந்திருந்தாள். தட்டும் வந்திருந்தது. வேலையைத்தான் காணோம்.

“வேலைக்கு வந்து ஒரு மாசம். ஒரு ஃபைல் வந்து சேரேல்லை. அங்க இருந்து என்ன பிள்ளை செய்யிறாய்?”

“அடிச்சேன் சார். சத்தியமா அடிச்சேன். இங்க வந்தா காணாமப் போயிருது.”

“ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்!”

“கோணல்னு நான் சொல்லலையே சார்.”

பூபாலசிங்கம் ரயில்வேயில் பெரிய கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்று, இங்கே மேனேஜராக வந்தவர். எதிர்த்துப் பேச்சு அவருக்கு ஆகாது.

“வேலை செய்த ரப்பர்த் தோட்டத்தை வித்துப்போட்டாங்கள், வீட்டில வேற ஆருக்கும் வேலை இல்லை எண்டு அழுதாய். பாவம் பாத்து எடுத்தன். திங்கட்கிழமை நீ வர வேண்டாம்.”

நவமணிக்குக் கண் கலங்கிவிட்டது. பையை எடுக்கவும் தோன்றாமல் நின்றாள்.

ஆனால் பூபாலசிங்கத்துக்கு ஒரு குணம் உண்டு. ஆளைத் திட்டி முடித்தாலும் விஷயத்தை விட மாட்டார். அது அவர் மனசைக் குடைந்துகொண்டே இருக்கும்.

“கௌரி, அது வெறும் தட்டோ?”

கௌரி தட்டினாள். திரை நிறைய ஃபைல் பெயர்கள் ஓடின.

“நிறைய இருக்கு சார்.”

“பிறகு ஏன் காப்பி ஆகேல்லை?”

“நாங்கள் காப்பி எடுக்கிற XCOPY எண்ட கட்டளைக்குப் பின்னால /D எண்டு போட்டு ஒரு தேதி குடுக்கிறம். அந்தத் தேதியில இருந்து கை வச்ச ஃபைலை மட்டும் எடு, பழசை விடு எண்டு அர்த்தம். இல்லாட்டி முந்தி ஏத்தினதெல்லாம் திரும்பத் திரும்ப ஏறிக்கொண்டிருக்கும்.”

“அப்ப இதெல்லாம் பழசோ?”

மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரே தேதி. எண்பதாம் வருஷம், ஜனவரி ஒன்று.

“எண்பதோ? இது எண்பத்தேழு! இந்தக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்ததே போன வருஷம். நவமணி, கம்ப்யூட்டர் வாறதுக்கு முன்னமே வேலையை முடிச்சிட்டியோ?”

கௌரி சிரிப்பை அடக்கிக்கொண்டு நவமணி பக்கம் திரும்பினாள்.

“காலைல கம்ப்யூட்டரத் திறந்ததும் என்னமோ கேக்குமே, அதுக்கு என்ன செய்வே?”

“ஆமாக்கா, இங்கிலீஷ்ல ரெண்டு தடவ கேக்கும். என்டர் தட்டுவேன். போயிரும்லா.”

“அது தேதியும் மணியும் கேக்குது நவமணி. அணைச்சா அதுக்கு எல்லாம் மறந்துபோகும். நாம சொல்லலைன்னா எண்பதாம் வருஷம்னு நெனச்சுக்கும்.”

“எனக்கு யாரும் சொல்லலையேக்கா. எனக்கு முன்னாடி இருந்த ராஜு அண்ணே வேலைய விட்டுப் போறப்போ அரை நாள்தான் சொல்லிக் குடுத்தாரு.”

“ஆரும் சொல்ல வேணுமோ?” பூபாலசிங்கத்தின் குரல் மறுபடி ஏறியது. “கண்ணுக்கு முன்னால எழுதியிருக்கு, வாசிச்சால் போச்சு. நானுந்தான் இதே மாதிரிக் கம்ப்யூட்டரில வேலை செய்யிறன். கௌரி, நீ இதே மாதிரித் தட்டில ஏத்தி அனுப்பிற என்ர ஃபைல் ஒண்டாவது தாப்பாவுக்குப் போகாமல் நிண்டிருக்கோ?”

“இல்லை சார். ஒருநாளும் இல்லை.”

“கேட்டியோ? வா, எப்பிடிச் செய்யிறது எண்டு காட்டிறன்.”

விறுவிறு என்று தம் அறைக்கு நடந்தார். இரண்டு பேரும் பின்னால் போனார்கள்.

“முதல்ல அணைக்க வேணும்.” கம்ப்யூட்டரின் முன்பக்கம் முழுக்கத் தடவிப் பார்த்தார்.

“சுவிட்ச் வலப்பக்கம், பின்னால இருக்கு சார்,” என்றாள் கௌரி.

“தெரியும், தெரியும்.”

அணைத்தார். மறுபடி போட்டார். கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் உறுமிவிட்டு, இங்கிலீஷில் என்னவோ கேட்டது.

பூபாலசிங்கம் திரையைப் பார்த்தார். நவமணி பார்த்துக்கொண்டிருக்கிறாளா என்றும் பார்த்தார். பிறகு ஒற்றை விரலை உயர்த்தி, என்டரைத் தட்டினார்.

மறுபடி கேட்டது. மறுபடி தட்டினார்.

“பாத்தியோ? இவ்வளவுதான்.”

நவமணிக்கு ஒன்றும் புரியவில்லை. “சார், நானும் இப்படித்தானே செய்யிறேன்?”

பூபாலசிங்கம் கௌரியைப் பார்த்தார். அவள், வாசலில் யார் காதிலும் விழாதபடி கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னாள்.

“தினமும் நீங்கள் வாறதுக்கு முன்னம் வந்து, உங்கட கம்ப்யூட்டரில நான்தான் தேதி போட்டு வைக்கிறனான் சார். தாப்பாவில அந்தப் பிள்ளைக்கு அப்பிடி ஒருத்தரும் இல்லை.”