இல்லை என்று சொல்லும் வேலை

பல்கலைக்கழக நூலகத்தில் எந்தக் கேள்விக்கும் சாட்பாட்தான் பதில் சொன்னது. இல்லாத புத்தகத்தையும் பக்க எண்ணோடு சொல்லிவிடும். அதை நம்பி வருகிறவர்களிடம் "அப்படியொரு புத்தகம் இல்லை" என்று சொல்வதற்கென்றே ரோஸ்லினை மட்டும் வேலையில் விட்டுவைத்திருந்தார்கள். பதினோரு வருடமாக அவள் தாட்சண்யம் பார்க்காமல் சொல்லிவந்தாள்.

அன்று இசக்கிமுத்து வந்தார். ஆய்வை முடிக்குமுன்பே காய்ச்சலில் இறந்துபோன முத்தரசியின் அப்பா. அவள் நாலு வருடம் தினமும் உட்கார்ந்திருந்த நாற்காலி ரோஸ்லினுக்கு எதிரேதான் கிடந்தது.

"எம்புள்ள எழுதுன புஸ்தகம் இங்க இருக்காம்லா? முந்நூத்திப் பன்னெண்டு பக்கமாம். மொதப் பக்கத்துல எனக்கு நன்றி சொல்லியிருக்காளாம். மிஷின் சொல்லுச்சு. ஒருக்கா தொட்டுப் பாத்துட்டுப் போயிருதேன், தாயி."

முத்தரசி எழுதியது நாற்பது பக்கம்கூட இருக்காது. ஆனால் ரோஸ்லினுக்கு 'இல்லை' என்ற அந்த ஒற்றைச் சொல் வாயில் வரவில்லை.

"யாரோ படிக்க எடுத்துட்டுப் போயிருக்காங்க, ஐயா."

"படிக்காவளா?" அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மெதுவாப் படிக்கட்டும், அவசரமில்ல. கொண்டுவார வரைக்கும் நான் இங்கனயே இருக்கேன்."

சொல்லிவிட்டு, எதிரே காலியாகக் கிடந்த அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.